சுத்தமில்லை என்று நான் எழுதினேன்

நான் ஓய்வு பெற்ற நாளன்று சுவைக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். அந்த அறைக்குள் அதற்கு முன் கேக் வந்ததே இல்லை. வெண்ணெயும் வனிலாவும் மூக்கை மழுங்கடித்துவிடும் என்பதால் சாப்பாட்டுச் சாமான் எதையும் உள்ளே கொண்டுவர விடமாட்டோம். ஆனால் அந்த மாதம் ஒரு புதிய கருவி வந்திருந்தது. ஒரு துளி மதுவை உறிஞ்சி, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பட்டியல் போட்டு நீட்டுகிற கருவி. அதற்குக் கேக் மணம் ஒரு பொருட்டல்ல.

அப்போது கார்லா கேட்டாள். எங்கள் சுவைஞர்களில் மிக இளையவள் அவள்.

"பிராவ் யோகா, நீங்கள் எப்போதாவது பிழையான முடிவு சொல்லியிருக்கிறீர்களா?"

என் முழுப்பெயர் யோகேஸ்வரி. ஜேர்மன்காரருக்கு அது வாயில் வராததால் முதல் வருடத்திலேயே பிராவ் யோகா, அதாவது திருமதி யோகா, ஆகிவிட்டேன். எல்லோரும் சிரித்தபடி நின்றார்கள், நான் ஏதோ பகிடி சொல்வேன் என்று. "ஒருமுறை. பெரிய பிழை" என்றேன். சிரிப்பு நின்றது. யாரோ அவசரமாக வைன் கிளாசைத் தூக்கினார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

கார்லாவுக்கு நான் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், அதில் பாதி தமிழில்தான் நடந்தது.

டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே இருந்த ஒரு மது இறக்குமதி நிறுவனத்தில் போத்தல் கழுவத்தான் போனேன். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கணவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். மகள் துளசி கிண்டர்கார்டன் போகத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் கழுவுவதற்கு வந்த போத்தல் பெட்டிகளில் ஒன்றை நான் தொடமாட்டேன் என்றேன். ஈரக் காகித மட்டையின் மணம் வருகிறது, இதில் எதை ஊற்றினாலும் கெட்டுவிடும் என்றேன். மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். சத்தம் கேட்டு மேல்மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். ஒரு போத்தலை எடுத்து முகர்ந்தார். திரும்ப மேலே போனார். மறுநாள் என்னை மேலே கூப்பிட்டார்கள்.

அவர்தான் பிராவ் லிண்ட்னர், தலைமைச் சுவைஞர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அதற்குப் பிறகு வகுப்புகள், பரீட்சைகள், சிறு குப்பிகளில் அடைத்த நூற்றுக்கணக்கான மணங்கள். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜேர்மன் மொழியை நான் மூக்கு வழியாகப் படித்தேன் என்று துளசி சொல்லிச் சிரிப்பாள். கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "லாபரிலை" என்பேன். ஆய்வுகூடம் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

எங்கள் நிறுவனம் பெரிய தொழிற்சாலைச் சரக்கை எடுப்பதில்லை. ஓரிரு குடும்பங்கள் சேர்ந்து வடிக்கும் சின்னச் சின்னத் தொகுதிகளைத்தான் எடுப்போம். அவற்றில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது மெஸ்கால். மெக்சிகோவில் அகாவே என்ற பெருங்கற்றாழையிலிருந்து வடிப்பது. செடி முற்ற எட்டு வருடமும் ஆகும், பதினைந்து வருடமும் ஆகும். முள் இலைகளை வெட்டி எறிந்தபின் அன்னாசிப்பழம் போன்ற பெரிய நடுக்கிழங்கு மிஞ்சும். அதை நிலத்தில் தோண்டிய குழியில், தணலில் காய்ந்த கற்களுக்கு மேல் போட்டு மண்ணால் மூடிப் பல நாட்கள் வேகவைப்பார்கள். பிறகு இடித்துப் புளிக்கவிட்டு இரண்டு தரம் வடிப்பார்கள். குழியின் புகை அந்த மதுவுக்குள் வந்துவிடும். முதலில் வடிவதைத் தலை என்றும் கடைசியில் வடிவதை வால் என்றும் ஒதுக்கி, நடுவில் வருவதை எடுப்பார்கள். எங்கே வெட்டுவது என்பதை வடிப்பவரின் நாக்குத்தான் தீர்மானிக்கும். அதனால் ஒரு தொகுதியைப் போல இன்னொன்று இருக்காது.

அப்படிப்பட்ட ஒன்றைச் சுவைக்க பிராவ் லிண்ட்னர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். கிளாசைச் சோப்பில்லாமல் கொதிநீரில் கழுவ வேண்டும். ஊற்றி, மேலே ஒரு கண்ணாடி வில்லையால் மூடி இருபது நிமிடம் விட வேண்டும். முதலில், தண்ணீர் கலக்காமல் வந்த வலுவிலேயே முகர்ந்து, ஒரு சிறு வாய் எடுத்துத் துப்ப வேண்டும். பிறகு சரிபாதி தண்ணீர் கலந்து மறுபடி. மூன்றாவது, மறுநாள் காலையில் அந்த வெறும் கிளாசை முகர வேண்டும். போகிற மணமெல்லாம் போனபின் அங்கே எது மிஞ்சியிருக்கிறதோ அதுதான் அந்த மது என்பார். எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் "பேரிக்காய்" என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லோருக்கும் பேரிக்காய் மணம் வந்துவிடும் என்பது அவருடைய பயம்.

அவர் நின்றுகொண்டே சுவைப்பார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பார். யாரையும் திட்டி நான் கண்டதில்லை. ஒருவரின் முடிவு பிழை என்று பட்டால், அவருடைய கிளாசைத் தானே எடுத்துப் போய்க் கழுவிக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். அவ்வளவுதான்.

சுவைக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் தாளிப்பதில்லை. நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.

"உன்ரை மூக்குக்காக நாங்கள் பச்சைச் சம்பலோடை சீவிக்க வேண்டிக் கிடக்கு" என்று கணவர் முறைப்பாடு வைப்பார். அப்படிச் சொன்னாலும் அந்த நாட்களில் ஒரு வெங்காயம்கூட வதக்கமாட்டார்.

துளசி படித்து முடித்து வேலைக்குப் போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு, ஒருமுறை பிராவ் லிண்ட்னர் மெக்சிகோ போய்வந்தார். ஒரு மலைக்கிராமத்தில் எலியாஸ் என்ற முதியவர் மண்பானையில் வடித்த மெஸ்காலைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தார். சரக்கு கப்பலில் ஏறியது. அது வந்து சேர்வதற்குள் அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஆறு வாரம் நடைப்பயிற்சி தரும் மருத்துவ நிலையத்தில் இருக்க வேண்டியதாயிற்று. கூடம் என் பொறுப்பில் இருந்தது.

மாதிரிப் போத்தலைத் திறந்தேன். புகைக்கும் பழத்துக்கும் முன்னால் ஒரு மிருக வாடை வந்தது. பச்சைத் தோல், நனைந்த தோல். கிளாசை மூடி வைக்காமல் அப்படியே முகர்ந்தேன். ஒரு துளி நாக்கில் வைத்துத் துப்பினேன். தண்ணீர் கலக்கவில்லை. அதைக் கொட்டிவிட்டு யன்னலைத் திறந்தேன்.

சரக்கோடு ஸ்பானிஷில் எழுதிய ஒரு தாள் வந்திருந்தது. மொழிபெயர்ப்பு வர இரண்டு நாளாகும் என்றார்கள். விற்பனைப் பகுதித் தலைவர், "பிராவ் லிண்ட்னரை ஒருக்கால் கூப்பிட்டுக் கேட்போமா?" என்றார். அது என்னைச் சுட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் மூக்குக்குச் சாட்சி வேண்டுமா?

"தேவையில்லை" என்றேன்.

படிவத்தில் முடிவுக்குரிய பெட்டியில் ஒரே ஒரு சொல் எழுதினேன். உன்ஸௌபர். சுத்தமில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் எழுதுகிற சொல்தான். புளித்தலில் பிழை நடந்து கெட்டுப்போனது என்று பொருள். கீழே கையெழுத்து வைத்தேன். மொழிபெயர்ப்பு வந்தபோது அதை நான் வாசிக்கவும் இல்லை.

ஒப்பந்தப்படி சுவைஞர் மறுத்தால் சரக்கை ஏற்க வேண்டியதில்லை. திருப்பி அனுப்ப வழி பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் சுங்க அதிகாரி முன்னிலையில் அதில் மருந்து கலந்து குடிக்க முடியாததாக்கி, கண்ணாடி துடைக்கும் திரவம் செய்கிற இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பிராவ் லிண்ட்னர் கைத்தடியோடு திரும்பி வந்த அன்று, கோட்டைக்கூடக் கழற்றாமல் கோப்புகளைப் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்தார். வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு போத்தலைச் சாட்சிக்கு எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். எலியாஸின் போத்தலை எடுத்து இரண்டு கிளாஸில் ஊற்றி மூடினார். இருபது நிமிடம் காத்திருந்தோம். பிறகு ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

தோல் மணம் இருந்தது. ஆனால் அது பின்னுக்குப் போயிருந்தது. முன்னால் கனிந்த பழம், ஈர மண், அடுப்பு அணைந்த பிறகு வரும் மெல்லிய புகை. தண்ணீர் கலந்ததும் தேன் மாதிரி ஒன்று எழுந்தது. கிளாசைக் கீழே வைத்தேன்.

"உன்ஸௌபர் என்று எழுதியிருக்கிறீர்கள். எது சுத்தமில்லை?" என்று கேட்டார்.

"தோல் மணம்."

"அப்படியானால் 'தோல்' என்று ஏன் எழுதவில்லை?"

அவர் ஸ்பானிஷ் தாளை எடுத்து வாசித்துச் சொன்னார். அந்தக் கிராமத்தில் மரத்தொட்டி இல்லையாம். நாலு கம்பு நட்டு, அதில் ஒரு மாட்டுத் தோலைத் தூளி போலக் கட்டி, அதற்குள் ஊற்றித்தான் புளிக்க வைப்பார்களாம். எலியாஸின் தகப்பனும் அப்படித்தான் செய்தாராம். எல்லாம் அந்தத் தாளில் எழுதியிருந்தது. சொல்லி முடித்துவிட்டு என் கிளாசை எடுத்துக்கொண்டு, ஒரு கையில் தடியுமாக, கழுவப் போனார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கரட் வெட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"தோலெண்டவுடனை உனக்கு அருவருப்பு வந்திட்டுது. அவ்வளவுதான்" என்றார்.

"இல்லை, அது வேறை. மணம் மூக்கிலை அடிச்சது."

"துளசியின்ரை விசயத்திலையும் உனக்கு மூக்கிலைதான் அடிச்சதோ?"

கத்தியை நிறுத்தாமல்தான் கேட்டார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்த விசயத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். துளசி பீலெஃபெல்டில் மருந்தாளராக வேலை செய்கிறாள். அங்கேயே ரமணன் என்ற பொடியனை விரும்பினாள். தமிழ்ப் பிள்ளை, அங்கேயே பிறந்தவன், ஆசுப்பத்திரியில் வேலை. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் சொந்தக்காரர் விசாரித்துப் பார்த்துவிட்டு, அவனுடைய ஆக்கள் ஊரில் பறைக்குத் தோல் கட்டினவர்கள் என்றார்கள். நான் சரிவராது என்றேன். துளசிக்கு முதலில் நான் சொல்வது விளங்கவே இல்லை. விளங்கியபோது, "அம்மா, உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்று மட்டும் கேட்டாள். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். கணவர் போனார். நான் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் பிறந்தநாளுக்கு மட்டும் தொலைபேசியில் பேசிக்கொண்டோம்.

நான் பிறந்த வீட்டில் செத்தவீட்டுக்குப் பறை அடிக்க வருபவர்கள் வாசற்படலைக்கு வெளியே நிற்பார்கள். தண்ணீர் கேட்டால் கையை ஏந்தச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். வெயிலில் காயும் பறைத்தோலின் மணத்தை அந்தப் படலையடியில்தான் முதலில் முகர்ந்தேன். அது அசுத்தம் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. எப்படியோ படித்திருந்தேன். பிறகு ஜேர்மனியில் பரீட்சை எழுதித் தேறி, வெள்ளைக் கோட்டுப் போட்டு, அதையே ஜேர்மனில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

அடுத்த இளவேனிலில் எலியாஸ் ஒரு மதுக் கண்காட்சிக்காக பிராங்பேர்ட் வந்தார். பிராவ் லிண்ட்னர் அவரை எங்கள் கூடத்துக்கு அழைத்தார். நான் அன்று லீவு எடுக்கப் பார்த்தேன். "நீங்கள் இருக்க வேண்டும்" என்றார் அவர்.

சின்ன மனிதர். எழுபதை நெருங்கியவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். பிராவ் லிண்ட்னர் இரு பக்கமும் மொழிபெயர்த்தார். வணக்கம் சொன்ன கையோடு, "மறுத்தது நான்தான். ஒழுங்காகச் சுவைக்காமல் மறுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். தாமதித்தால் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

அவர் கொஞ்ச நேரம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தச் செடிகளுக்குப் பதினாலு வயது. ஒரு செடி ஒருமுறைதான் தரும்" என்றார். பிறகு கேட்டார்: "இப்போது அது எங்கே?"

பிராவ் லிண்ட்னர் என்னைப் பார்த்தார். அவரே ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிக்கவில்லை. கண்ணாடி துடைக்கிற திரவமாகப் போய்விட்டது என்று நான்தான் சொன்னேன்.

எலியாஸ் திரும்பி எங்கள் அறையின் யன்னல் கண்ணாடிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். பிராவ் லிண்ட்னர் அதை மொழிபெயர்க்கவில்லை. இன்றுவரை எனக்குச் சொல்லவும் இல்லை.

பிறகு பையிலிருந்து ஒரு போத்தலும் காய்ந்த சுரைக்குடுவைக் கிண்ணங்களும் ஒரு நாணல் குழலும் எடுத்தார். மதுவைக் குழலில் உறிஞ்சி, உயரத்தில் பிடித்துக் கிண்ணத்துக்குள் விட்டார். விளிம்பைச் சுற்றி முத்து முத்தாகக் குமிழிகள் கட்டின. அவை உடையாமல் நிற்கிற நேரத்தை வைத்தே அவர் வலுவைச் சொல்வாராம். சொன்னார். எங்கள் கருவியில் அளந்து பார்த்தோம். ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். நான் பழக்கத்தில் துப்பும் பாத்திரத்தை இழுத்தேன். அவர் அதைப் பார்த்தார். கை நீட்டி மெதுவாக அதை மேசையின் மற்றக் கரைக்குத் தள்ளி வைத்தார். நான் விழுங்கினேன். நெஞ்சு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று நான் ஆராயவில்லை.

"தோலில் ஊற்றிய முதல் நாள் எப்படி மணக்கும்?" என்று கேட்டேன்.

அதற்குத்தான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "முதல் நாள் எங்களுக்கும் பிடிக்காது" என்றார்.

எழும்பும்போது, இனி எங்களுக்குத் தரமாட்டேன் என்றும் சொன்னார். கோபமில்லை, வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். கோபமில்லை என்பதை நான் முழுவதாக நம்பவில்லை. நம்பவேண்டிய தேவையும் எனக்கு இல்லை. அவரை மன்னிக்கச் சொல்லிக் கேட்க நான் யார்? வாசல்வரை போய் வழியனுப்பினேன். கை தந்தார்.

அதன் பிறகு நானும் பிராவ் லிண்ட்னரும் எங்கள் படிவத்தை மாற்றினோம். உன்ஸௌபர் என்ற சொல் எங்கள் கூடத்தில் இப்போது இல்லை. எது மணக்கிறதோ அதன் பெயரை எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும். மூன்று முறை சுவைக்காமல் யாரும் கையெழுத்து வைக்க முடியாது. கார்லாவுக்கு இந்த விதிகள் தெரியும், எங்கிருந்து வந்தன என்று தெரியாது. புதிய கருவியும் எலியாஸின் மெஸ்காலில் ஏதோ ஓர் அமிலம் இருப்பதாகத்தான் சொல்லும். அது சரியாகவே சொல்லும். அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வது என்பது கார்லாவின் பாடு.

எலியாஸ் வந்துபோன அடுத்த வாரம் துளசிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை வரட்டோ?"

"அப்பாவும் வாறாரோ?"

"இல்லை. நான் மட்டும் வாறன்."

"நாங்கள் ரமணன்ரை அம்மா வீட்டிலை நிப்பம், அம்மா. ஞாயிறிலை அங்கைதான் சாப்பாடு."

"தெரியும். அங்கை வாறன்."

பிராங்பேர்ட்டில் ஏறி ஹனோவரில் மாறிப் போனேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். நான் வேலை நேர்முகத்துக்குக்கூட அப்படிப் பார்த்ததில்லை. மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது ரமணனின் தாய். பவளம் அக்கா என்று பெயர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர் என்று கணவர் சொல்லியிருந்தார். சீலை உடுத்து, தலை இழுத்து, எனக்காக ஆயத்தமாகி இருந்தார். அவருக்குப் பின்னால் துளசி நின்றாள். முன்னுக்கு வரவில்லை.

"வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்றார் பவளம் அக்கா.

உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். ஒத்திகை பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை. "கலியாணத்துக்கு நான் வந்திருக்க வேணும். வராதது என்ரை பிழை" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஓம் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. எழும்பிக் குசினி வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தேத்தண்ணி குடிப்பியளோ? இல்லாட்டி ஜூஸ் கிடக்கு. கடையிலை வாங்கினது. போத்தல் இன்னும் உடைக்கேல்லை."

உடைக்காத போத்தல் எதற்கென்று எனக்குத் தெரியும். ஊரில் எங்களைப் போன்றவர்கள் அப்படியான வீடுகளுக்குப் போக நேர்ந்தால் அதை மட்டும்தான் வாங்கிக் குடிப்போம். அந்த வீட்டுக் கோப்பையில் வாய் வைக்கமாட்டோம். இதைத் தெரிந்துகொண்டு, எனக்கு அவமானம் வராமல் இருக்க, அவர் முதல் நாளே கடைக்குப் போய் வாங்கி வைத்திருக்கிறார். துளசி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி தாங்கோ அக்கா" என்றேன்.

அவர் உள்ளே போய்த் தங்கள் வீட்டுக் கோப்பை ஒன்றை எடுத்தார்.

"சீனி போடுறதோ?"

"போடுங்கோ."